பன்னிரண்டு மணி வெயிலும் ஓர் ஏசிக்காரரும்

கோடை வந்துவிட்டால் அந்த ஏசிக்காரரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. காலை ஏழு மணிக்குத் தோளில் பையும் கையில் ஏணியுமாகக் கிளம்பினார் என்றால் மதியச் சாப்பாடு சாயங்காலம்தான். ஒரு வீட்டில் தண்ணீர் சொட்டும். இன்னொரு வீட்டில் காற்று வரும், குளிர்ச்சி வராது. மூன்றாவது வீட்டில் ஒன்றுமே ஆகியிருக்காது, ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். அதற்கும் முகம் சுளிக்காமல் பேட்டரியை மாற்றிக் கொடுத்துவிட்டு வருவார். அப்படிப்பட்ட மனிதர், வியாழக்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை மட்டும் போனை அணைத்துப் போட்டுவிடுவார். யார் தலைகீழாக நின்றாலும் வரமாட்டார்.

"அந்த ரெண்டு மணி நேரம் நான் ஏசிக்காரன் இல்லீங்க" என்பார். வேறு என்ன என்று கேட்டால் கொஞ்சம் வெட்கப்படுவார். கேட்பவர் விடாப்பிடியாக நின்றால் சொல்வார்: "பேஸ் கிட்டார் வாசிக்கிறேன்."

சும்மா வீட்டில் வாசிப்பவர் அல்ல. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பாப் குழு அது. பெயரைச் சொன்னால் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், "அட, அவங்களா! இன்னும் இருக்காங்களா?" என்று வாயைப் பிளப்பார்கள். இருக்கிறார்கள், நால்வருமே இருக்கிறார்கள். பாடகர், டிரம்மர், கீபோர்டுக்காரர், நம் ஏசிக்காரர். அந்த நாளில் கல்லூரி மேடைகளில் இவர்கள் பாட்டுக்குப் பெஞ்சு உடைந்திருக்கிறது. பிறகு காலம் மாறியது, பெஞ்சு உடைக்கிற ஆட்கள் வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள். டிரம்மர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கீபோர்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பாடகர் மட்டும் வேறு எதுவும் செய்யமாட்டேன் என்று பாடகராகவே இருந்தார். அவருடைய தங்கையைத்தான் ஏசிக்காரர் கல்யாணம் செய்துகொண்டார். ஆக, குழுவில் பாடகர், வீட்டில் மச்சான்.

குழு மங்கிப்போனாலும் வியாழக்கிழமை மங்கவில்லை. ஏசிக்காரரின் பட்டறையில், கழற்றிப் போட்ட ஏசிகளுக்கும் காஸ் சிலிண்டர்களுக்கும் நடுவே முப்பத்தைந்து வருடமாக ஆறு மணிக்குக் கூடுவார்கள், எட்டு மணிக்குக் கலைவார்கள். டிரம்மருக்குப் பெண் பிறந்த அன்றுகூட ஏழரைக்கு வந்து அரை மணி நேரம் அடித்துவிட்டுப் போனார். அவர் மனைவி அதை இன்றுவரை மறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

போன கோடையின் ஆரம்பத்தில் ஒரு வியாழக்கிழமை, மச்சான் புதுச் சட்டையும் புதுத் தலைமுடிச் சாயமுமாக வந்து நின்றார்.

"பதினோரு வருஷம் ஆச்சு நாம ஆல்பம் போட்டு. இந்தக் கோடைக்கு ஒண்ணு போடுறோம். எட்டுப் பாட்டு. எட்டும் வெயில் பாட்டு. கேட்டவன் உக்காரக் கூடாது, ஆடணும். பேரு 'பன்னிரண்டு மணி வெயில்'."

"ஆடுறதுன்னா நாமளுமா?" என்றார் கீபோர்டுக்காரர், முழங்காலைத் தடவியபடி.

"நாம வாசிப்போம். ஊரு ஆடும்."

அவர் சொன்ன விதத்தில் மூன்று பேருக்கும் இருபது வயது குறைந்துபோனது. பாட்டுகளும் நன்றாகவே வந்தன. அதைச் சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்த கூத்துக்குப் பாட்டுகளைக் குறை சொல்லக் கூடாது. மெட்டெல்லாம் துள்ளல்தான். கோளாறு நடந்தது ஒலிப்பதிவில்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏசி ஓடினால் அதன் இரைச்சல் மைக்கில் விழும். அதனால் பாடும்போது அணைப்பார்கள், பாடி முடித்ததும் போடுவார்கள். உலகமே அப்படித்தான் செய்கிறது. மச்சான் உலகத்தோடு ஒத்துப்போகிற ஆளா?

"வெயிலைப் பத்திப் பாடிட்டு நடுநடுவுல குளுகுளுன்னு உக்காந்தா குரல்ல வெயில் எங்கேருந்து வரும்? ரெக்கார்டிங் நடக்குற ஒன்பது நாளும் ஏசி கிடையாது. வேர்க்கட்டும். வேர்வை பாட்டுல தெரியணும்."

ஏசிக்காரருக்கு நெஞ்சு வலித்தது. அந்தக் கூடத்து ஏசி அவர் கையால் மாட்டியது, தங்கமான மெஷின். "மச்சான், ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷமாவது..." என்று இழுத்துப் பார்த்தார். மச்சான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தக் குழுவுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. வேகத்தைக் காட்ட டிக் டிக் என்று காதில் அடிக்கும் கருவி எல்லாரிடமும் இருக்கிறது, இவர்கள் தொடமாட்டார்கள். "நாம என்ன நேத்து வாசிக்க வந்தவங்களா?" என்று கௌரவம். டிரம்மர் பேஸைப் பார்த்து அடிப்பார். பேஸ்காரர் பாடகரின் வாயைப் பார்த்து வாசிப்பார். பாடகர் டிரம்மரின் கையைப் பார்த்துப் பாடுவார். கீபோர்டுக்காரர் மூன்று பேரையும் பார்ப்பார். சாதாரண நாளில் இது அழகாக ஓடும். கதவு சாத்திய அறையில், காற்றே இல்லாமல், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்ட நிலையில் என்ன ஆகும்? ஒருவர் வேர்வையைத் துடைக்க ஒரு நொடி தாமதிப்பார். அவருக்காக அடுத்தவர் காத்திருப்பார். அவருக்காக மூன்றாமவர். அதிலும் டிரம்மர் நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் பிரேக்கை மிதித்தபடி பாடம் எடுப்பவர், மெதுவாகப் போவதில் அவருக்கு ஒரு குறையும் தெரியாது. இப்படி ஒருவருக்கொருவர் மரியாதையாக வழிவிட்டு வழிவிட்டு, துள்ளிக் குதிக்க வேண்டிய எட்டுப் பாட்டும் நடைப்பயிற்சிக்குப் போவது போல ஆகிவிட்டன.

சரி, பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டார்களே, அப்போதாவது தெரிந்திருக்க வேண்டாமா? அங்கேதான் வேடிக்கை. கேட்டதும் அதே அறையில், அதே புழுக்கத்தில். நான்கு பேரும் பாதி மயக்கத்தில் இருந்தார்கள்.

"பறக்குது!" என்றார் மச்சான், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"கொஞ்சம் வேகம் ஜாஸ்தியோ?" என்றார் டிரம்மர்.

ஆயிரம் சிடி போட்டார்கள். இந்தக் காலத்தில் யார் சிடி வாங்குகிறார்கள் என்று கீபோர்டுக்காரர் கேட்டதற்கு, "கையில பிடிக்கிற மாதிரி ஏதாவது இருந்தாத்தான் ஆல்பம்" என்று மச்சான் வாயை அடைத்துவிட்டார். இணையத்திலும் ஏற்றினார்கள். வெளியீட்டு விழாவுக்கு ஒரு ஹோட்டலின் மேல்மாடி அரங்கம். உள்ளே நல்ல ஏசி, பல் கிட்டிப்போகும் குளிர். பழைய ரசிகர்கள் எண்பது பேர் வந்திருந்தார்கள். மச்சான் ஜிகினா வைத்த நீலக் கோட்டில் மேடை ஏறி, "எல்லாரும் எழுந்திருங்க, ஆடத் தயாரா?" என்றார். எழுந்தார்கள். முதல் பாட்டைப் போட்டார்கள்.

எண்பது பேரும் ஒரு காலைத் தூக்கினார்கள். தூக்கிய காலை எப்போது கீழே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

சிலர் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சிலர் இரண்டு மடங்கு வேகமாக ஆடிப் பார்த்து ஒருவரையொருவர் முட்டிக்கொண்டார்கள். இரண்டாவது பாட்டில் ஒவ்வொருவராக நாற்காலிக்குத் திரும்பினார்கள். மூன்றாவது பாட்டில் ஏசிக்காரரின் மனைவி, பாடகரின் சொந்தத் தங்கை, முன்வரிசையில் தலையைப் பின்னால் சாய்த்து நன்றாகத் தூங்கிப்போனாள். ஏசிக்காரர் மேடையிலிருந்து மச்சானின் முகத்தைப் பார்த்தார். அந்தக் குளிரில்தான் மனிதர் தன் பாட்டை முதல்முறையாக உள்ளபடி கேட்கிறார். முகத்தில் ஈயாடவில்லை.

ஆல்பம் மண்ணைக் கவ்வியது. வானொலிக்காரர்கள் பாதிப் பாட்டோடு நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். பத்திரிகை ஒன்று, 'கோடையைப் பற்றிய இந்த ஆல்பம் முடிவதற்குள் கோடை முடிந்துவிடும்' என்று ஒரே வரியில் எழுதியது. கடைகளில் போனது பத்தொன்பது சிடி. அதில் நான்கை வாங்கியது டிரம்மரின் மாமியார் என்று பிறகு தெரிந்தது.

மச்சான் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. மைக்கைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டுப் போனில் சொன்னார்: "மாப்ள, போதும்டா. இனிமே வியாழக்கிழமை கிடையாது. எல்லார்கிட்டயும் சொல்லிரு."

ஏசிக்காரர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை ஆறு மணிக்கு வழக்கம்போலப் பட்டறையைத் திறந்து போனை அணைத்தார். மச்சானே மற்ற இருவருக்கும் போன் செய்துவிட்டார் போல, யாரும் வரவில்லை. கிட்டாரை எடுத்துத் தனியாக வாசித்தார். பேஸ் கிட்டாரைத் தனியாக வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கொடுமை. பாட்டு பக்கத்து அறையில் நடப்பது போலவும் தனக்கு மட்டும் கதவு சாத்தியிருப்பது போலவும் இருக்கும். அரை மணி நேரத்தில் கையை எடுத்துவிட்டார். வாரம் முழுக்க ஊராரின் வீட்டில் ஏணி ஏறி இறங்குவது இந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான் என்பது அன்றைக்குத்தான் அவருக்கே விளங்கியது. இது போய்விட்டால் மிச்சம் இருப்பது ஏணி மட்டும். அழுகை வந்தது. அழுதார். யாரும் இல்லாததால் தாராளமாகவே அழுதார்.

"அண்ணன் மனசு மாறும்ங்க" என்றாள் மனைவி. தூங்கியதற்காக அவளுக்குக் குற்ற உணர்ச்சி வேறு.

"நீ தூங்காம இருந்திருந்தா மாறியிருக்கும்."

"நான் என்ன வேணும்னா தூங்கினேன்? என்னால முழிக்க முடியல. கண்ணைத் தொறந்து தொறந்து பாத்தேன்."

விற்காத சிடியெல்லாம் ஆறு அட்டைப் பெட்டிகளில் பட்டறையில் கிடந்தன. ஏசிக்காரருக்கு ஒரு வீம்பு வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் வேலை முடிந்ததும் ஒரு சிடியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். "என்னதுங்க இது?" என்றால், "சர்வீஸோட வர்றது" என்பார். பாட்டு பெட்டிக்குள் கிடந்து புழுங்குவதைவிட யாராவது ஒருவர் வீட்டில் கேட்கட்டுமே.

ஒரு மாதம் போனது. ஒருநாள் பிற்பகல், ஒரு குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகும் இடம். அதை நடத்தும் அம்மாளுக்கு அதட்டிப் பேசித்தான் பழக்கம்.

"தம்பி, ஏசி நல்லா ஓடுது. அதுக்குக் கூப்பிடல. சர்வீஸோட ஒரு சிடி வந்துச்சே, அது இன்னும் ரெண்டு வேணும். ஒண்ணு ஓடி ஓடிக் கீறல் விழுந்துருச்சு."

ஏசிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாட்டு அவ்வளவு பிடிச்சிருக்கா? பிள்ளைங்க ஆடுதா?"

"ஆடுறதா? ஐயோ, தூங்குதுங்க தம்பி! முப்பது பிள்ளைங்க. ஒண்ணைப் படுக்க வெச்சா இன்னொண்ணு எழுந்திருக்கும். என் உயிரை வாங்கிட்டு இருந்துதுங்க. இந்தப் பாட்டைப் போட்டா மூணாவது பாட்டுல முப்பதும் அவுட். நானும் அவுட். பாடுறது யாரு? அந்த மகராசனுக்குக் கோயில் கட்டலாம்."

போனை வைத்ததும் ஏசிக்காரருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு சிடி கொடுத்த வீடுகளில் ஒவ்வொன்றாக விசாரித்தார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டிய நர்ஸ் ஒருத்தி, "அண்ணே, மாத்திரையை விட்டுட்டேன், உங்க பாட்டுதான்" என்றாள். ஊரை ஆட வைக்கப் போட்ட ஆல்பம் ஊரைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க" என்றாள் மனைவி. "ஏற்கெனவே பரண்ல போட்டுட்டாரு. தூங்குறதுக்குத்தான் கேக்குறாங்கன்னு தெரிஞ்சா பரணையே இடிச்சிருவாரு."

அது நியாயம்தான். ஆனால் காப்பகத்து அம்மாள் விடுகிற ஆள் இல்லை. "பாடுறவரை ஒருநாள் கூட்டிட்டு வாங்க, பிள்ளைங்க பாக்கணும்னு நச்சரிக்குதுங்க" என்று தினமும் போன். ஏசிக்காரர் என்ன செய்வதென்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் மச்சான் வீட்டு ஏசி நின்றுபோனது. கடவுள் இருக்கிறார் என்று அன்றைக்கு நம்பினார் அவர்.

ஏணியைப் போட்டு ஏறினார். மச்சான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார், தாடி வளர்ந்து, சாயம் போய், பார்க்கச் சகிக்கவில்லை. மேலே ஏறியதும் பரண் கண்ணுக்கு நேராக வந்தது. துணியில் சுற்றிய மைக், அதன்மேல் தூசி.

"மச்சான், ஒரு நிகழ்ச்சி வந்திருக்கு."

"பாடுறதில்ல. ஏசியைப் பாரு."

"முப்பது பேரு. நம்ம புது ஆல்பம் மட்டும்தான் வேணுமாம். எட்டுப் பாட்டும் மனப்பாடமாம். வேற பாட்டைப் போட்டா சண்டைக்கு வர்றாங்களாம்."

ஏணி லேசாக ஆடியது.

"பொய் சொல்றே."

"என் பொண்டாட்டி மேல சத்தியமா."

"அவ என் தங்கச்சிடா!"

"அதனாலதான் பொய்ச் சத்தியம் பண்ண முடியாது."

மச்சான் மெல்லக் கேட்டார், "எப்படிப்பட்ட ஆளுங்க?"

"சின்ன வயசுக்காரங்க" என்றார் ஏசிக்காரர். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நால்வரும் காப்பகத்துக்குப் போனார்கள். மச்சான் தாடியை மழித்து, சாயம் பூசி, நீலக் கோட்டைப் போட்டிருந்தார். கதவைத் திறந்தார். ஏசி ஓடும் பெரிய அறை. தரையில் முப்பது சின்னப் பாய்கள், முப்பது சின்னத் தலையணைகள். மூன்றும் நான்கும் வயதான முப்பது ரசிகர்கள் படுத்தபடி அவரைப் பார்த்தார்கள்.

"மாப்ள" என்றார் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு. "கூட்டம் ஏன்டா படுத்திருக்கு?"

ஏசிக்காரர் வாயைத் திறப்பதற்குள் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி எழுந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதான் வெயில் மாமாவா? சீக்கிரம் பாடுங்க. எனக்குத் தூக்கம் வருது."

மச்சான் திரும்பி ஏசிக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முப்பத்தைந்து வருட நட்பும் கல்யாண உறவும் ஒரு நூலில் தொங்கின. அவர் அப்படியே திரும்பிப் போயிருந்தால் வியாழக்கிழமை என்பதே வாரத்திலிருந்து போயிருக்கும். போகவில்லை. கோபம்தான் அவரை நிறுத்தியது. "தூங்க வெக்கிற பாட்டா என் பாட்டு? இப்பப் பாரு!" என்று மைக்கைப் பிடித்து, தான் முதலில் நினைத்த வேகத்தில், துள்ளத் துள்ள ஆரம்பித்தார். மூன்று பேரும் பின்னால் ஓடினார்கள்.

முப்பது பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்தன. ஆடவில்லை. முகத்தைச் சுளித்தன.

"இது இல்ல!" என்றாள் ரெட்டைப் பின்னல். "இது தப்புப் பாட்டு! எங்க பாட்டைப் பாடுங்க!"

"எங்க பாட்டு! எங்க பாட்டு!" என்று அறையே கத்தியது. ஒருவன் அழ ஆரம்பித்தான்.

மச்சான் பாடுவதை நிறுத்திவிட்டார். அவர் வாழ்க்கையில் யாரும் அவர் பாட்டை 'எங்க பாட்டு' என்று சொல்லிச் சண்டை போட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் குரல் இறங்கியது. "சரிம்மா, பாடுறேன், பாடுறேன்" என்றார்.

பாட வரவில்லை. அதுதான் சோதனை. மெதுவாக ஆரம்பித்தால் இரண்டு வரியில் வேகம் ஏறிவிடுகிறது. டிரம்மர், டிரம்முக்குப் பதில் வைத்துக்கொண்ட பிளாஸ்டிக் முக்காலியில் மெல்லத் தட்டிப் பார்க்கிறார், கீபோர்டுக்காரர் பெருமூச்சு விடுகிறார், அந்த வேகம் யாருக்கும் அகப்படவில்லை. ரெட்டைப் பின்னல் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி, "இல்ல" என்கிறாள்.

அப்போது ஏசிக்காரர் கிட்டாரைக் கீழே வைத்தார். சுவரருகே போனார். இத்தனை வருடத் தொழிலில் முதல்முறையாக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓர் ஏசியைத் தன் கையால் அணைத்தார். ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

வெயில் உள்ளே வந்தது. ஐந்து நிமிடத்தில் டிரம்மரின் நெற்றியில் முதல் துளி அரும்பியது. மச்சான் நீலக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ஏசிக்காரர் ஒரு சுரத்தைத் தட்டினார், காத்திருந்தார். டிரம்மர் அவருக்காகக் காத்திருந்தார். மச்சான் டிரம்மருக்காகக் காத்திருந்தார். பாட்டு வந்தது.

ரெட்டைப் பின்னல், "ம்ம்" என்று படுத்துக்கொண்டாள்.

முதல் பாட்டில் பத்துப் பேர். இரண்டாவதில் இருபத்தொன்று. மூன்றாவது பாட்டு முடியும்போது ரெட்டைப் பின்னல் ஒருத்திதான் பாக்கி. ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வீம்பு பிடித்தாள். மச்சான் பாயருகே மண்டிபோட்டு உட்கார்ந்து, மைக்கே இல்லாமல், அவளுக்காக மட்டும் நாலாவது பாட்டைப் பாடினார். பெஞ்சு உடைந்த காலத்தில்கூட மனிதர் இத்தனை அக்கறையாகப் பாடி ஏசிக்காரர் பார்த்ததில்லை. கடைசி வரிக்கு முன்பே அந்தக் கண்ணும் மூடியது.

அறை முழுக்க மூச்சுச் சத்தம் மட்டும். கைதட்ட யாரும் இல்லை. மூலையில் காப்பகத்து அம்மாளும் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார். டிரம்மர் முக்காலிமேல் கன்னத்தை வைத்துவிட்டார், அவர் எந்தப் பாட்டில் விழுந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

மச்சான் மண்டிபோட்டபடியே முப்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று அவர் பிறகு எத்தனை தடவை சொன்னாலும் ஏசிக்காரர் நம்பத் தயாராக இல்லை.

"ஒருத்தன் எழுந்து போகலடா மாப்ள" என்றார் கிசுகிசுப்பாக. "ஒருத்தன்கூட."

பதில் சொன்னால் சத்தம் வந்துவிடும் என்று ஏசிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

மச்சான் கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நுனிக்காலில் நடந்து கதவுவரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"வியாழக்கிழமை ஆறு மணிதானே?" என்றார். "வந்துர்றேன். ஏசியை மட்டும் போட்டுத் தொலைச்சிராதே."